கையால் செய்யும் கிறிஸ்துமஸ்: சிக்கனமான பலகாரங்களும் பரிசுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, கேக் என்று செய்து, அக்கம்பக்கத்துக்கும் உறவுக்காரர்களுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்புவதுதான் அங்கே பண்டிகையின் பாதி. இப்போது பல வீடுகளில் அந்த இடத்தை பேக்கரிப் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்டால், "வீட்டில் செய்தால் கட்டுபடியாகவில்லை" என்கிறார்கள். நிச்சயமாகக் கட்டுபடியாகும். செலவை ஏற்றுவது பலகாரம் அல்ல. வகை வகையாகச் செய்ய நினைப்பது, எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் வாங்குவது, பண்டத்தைவிட விலை கூடிய பெட்டியில் அதை வைப்பது ஆகிய மூன்றுதான் கையைக் கடிக்கின்றன. இதையொட்டி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை வகைப் பலகாரம் செய்தால் போதும்?

இரண்டு போதும். ஒன்று இனிப்பு ஊறிய கனமான பண்டம், மற்றொன்று மொறுமொறுப்பானது. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் என்றால் தட்டு நிறைந்துவிடும். கையில் கொஞ்சம் பணமும் உதவிக்கு ஆளும் இருந்தால் மூன்றாவதாகக் கலகலா சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறு வகை செய்யும் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனியாக மாவு, தனியாக நெய், தனியாக ஏலக்காய் என்று வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சி, ஜனவரி வரை டப்பாக்களில் கிடந்து சிக்குவாடை அடித்துப்போகிறது. இரண்டே வகையை நிறையச் செய்தால் பொருளும் வீணாகாது, கையும் பழகிவிடும். "அந்த வீட்டு முந்திரிக்கொத்து" என்று தெருவில் பெயர் வாங்குவது அப்படித்தான்.

எப்போது தொடங்க வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். அதையே நாள்காட்டியாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஞாயிறுக்குள் பட்டியல் போட்டு, எலுமிச்சை ஊறுகாய் போன்ற ஊற வேண்டிய பண்டங்களைப் போட்டுவிட வேண்டும். செடி பரிசளிப்பதாக இருந்தால் கிளை நட வேண்டியதும் அப்போதுதான். இரண்டாம் ஞாயிறு வாக்கில் துணிப்பை தைத்து, வாழ்த்து அட்டைகளை முடிக்கலாம். மூன்றாம் வாரம் பயறு வறுத்து, அரிசி இடித்து, மாவெல்லாம் தயாராக இருக்க வேண்டும். பொரிப்பது மட்டும் கடைசி வாரத்துக்கு.

முன்கூட்டியே பொரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மூரில் டிசம்பர் வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதம். காற்றில் இருக்கும் ஈரத்தில் முறுக்கு இரண்டாம் நாளே நமத்துப்போகும்.

மளிகையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

அச்சு முறுக்குக்குத் தேவை பச்சரிசி. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு ரேஷனில் அது 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. நன்றாகக் களைந்து, ஊற வைத்து, நிழலில் உலர்த்தி இடித்தால் முறுக்குக்கு எந்தக் குறையும் இருக்காது. சர்க்கரையையும் இரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தால் பண்டிகைக்குத் தனியாக வாங்க வேண்டியதில்லை.

கருப்பட்டியின் காலம் கோடை. பதநீர் இறங்கும் மாதங்களில் உடன்குடிப் பக்கம் புதுக் கருப்பட்டி வரும்போது வாங்கி, காற்றுப் புகாத பானையில் வைத்துக்கொள்பவர்கள் டிசம்பரில் விலையைப் பார்த்துத் திகைப்பதில்லை. அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் வெல்லம் போதும். அரைகுறையாகச் சர்க்கரை கலந்த கருப்பட்டியைவிட நல்ல மண்டை வெல்லம் எவ்வளவோ மேல்.

ஏலக்காய், கிராம்பு, பட்டை ஆகியவற்றைச் சிறு பாக்கெட்டுகளாக வாங்காமல், நான்கு வீட்டார் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். சில்லறைப் பாக்கெட்டில் போகும் பணம் அதிகம்.

பண்டிகைச் சீட்டு போடுவது பற்றியும் கேட்கிறார்கள். முகம் தெரியாத இடத்தில் கட்டும் சீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. வங்கியில் ஓராண்டு தொடர் வைப்புக் கணக்கில் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் முதிரும்படி பார்த்துக்கொண்டால் மனத்துக்கு நிம்மதி.

முந்திரிக்கொத்து செலவு பிடித்த பண்டம் இல்லையா?

இல்லை. பெயரில் முந்திரி இருந்தாலும் அதில் முந்திரிப்பருப்பு சேர்வதில்லை. பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள் அவ்வளவுதான். பாதாம், முந்திரி இனிப்புகளின் விலையோடு இதை ஒப்பிடவே முடியாது. சத்தும் அதிகம், இரண்டு வாரம் வரை தாங்கவும் தாங்கும். சிக்கனமான பரிசு என்று என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அரைக் கிலோ பாசிப்பயறை இளந்தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் ரவை பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். நைசாக அரைத்தால் உருண்டை களிபோல ஆகிவிடும். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. பண்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் சரியாக வறுபடாத தேங்காயால்தான். 50 கிராம் எள்ளை வெடிக்க வறுத்து, பத்து ஏலக்காயும் ஒரு சிறு துண்டு சுக்கும் பொடித்துச் சேருங்கள். 400 கிராம் வெல்லத்தை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதம் வரக் காய்ச்சி, சூடாக மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூட்டிலேயே சிறு எலுமிச்சை அளவுக்கு உருட்டிவிடுங்கள். ஆறினால் உதிரும். உதிர ஆரம்பித்தால் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துக்கொள்ளலாம்.

மேல் மாவுக்கு ஒன்றரைக் கோப்பை பச்சரிசி மாவு, அரைக் கோப்பை மைதா, உப்பு, மஞ்சள் தூள். பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து, மூன்று மூன்று உருண்டைகளாகத் தோய்த்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி எண்ணெயில் விட வேண்டும். பொரித்து எடுத்த பின் ஓரத்தில் வழிந்து நிற்கும் மாவை ஒடித்துவிட்டால் கொத்து திருத்தமாக இருக்கும். ஒடித்த மொறுமொறுப்பைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இந்த அளவில் 20 முதல் 25 கொத்துகள் கிடைக்கும்.

உருண்டை எண்ணெயில் விட்டதும் பிரிந்துபோகிறது. என்ன செய்வது?

உருட்டிய கையோடு பொரிக்கிறீர்கள். உருண்டைகளைத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் இறுகியிருக்கும். மேல் மாவு நீர்த்திருந்தாலும் பாகு கசிந்து எண்ணெயைக் கருக்கும்.

அச்சு முறுக்கு அச்சை விட்டு வர மறுக்கிறதே?

புது அச்சு என்றால் முதலில் அதைப் பழக்க வேண்டும். அரிசி களைந்த கழுநீரில் ஓர் இரவு போட்டு, கழுவித் துடைத்து, பிறகு ஒரு நாள் எண்ணெயில் ஊற விடுங்கள். பொரிக்கும் நாளில் மெல்லிய தீயில் எண்ணெயோடு சேர்த்து அரை மணி நேரம் காய வேண்டும். பழைய அச்சு இருக்கும் வீட்டில் அதைக் கடன் வாங்குவதே நல்லது. பல வருடம் எண்ணெய் குடித்த அச்சு புதிதாக வாங்கியதைவிட நன்றாக உழைக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தப் பழக்கம் எல்லாம் போய்விடும். துணியால் துடைத்து வைத்தாலே போதும்.

மாவுக்கு: அரைக் கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, துணியில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே பொடித்துச் சலிக்க வேண்டும். அதோடு 200 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி கறுப்பு எள், ஒரு சிட்டிகை உப்பு. கெட்டியான தேங்காய்ப்பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்து, அரை மணி நேரம் வைத்திருங்கள்.

இனிக் கைப்பக்குவம். காய்ந்த அச்சை எடுத்து, எண்ணெய் சொட்டுவதை உதறிவிட்டு, மாவில் முக்கால் உயரம் மட்டுமே முக்க வேண்டும். "சுர்" என்ற சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் அச்சு காயவில்லை. மாவு பிடிக்காமல் வழுக்கி விழுந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறினால் பூட்டுப் போட்டதுபோலக் கவ்விக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும். எண்ணெயில் வைத்து, ஓரம் நிறம் மாறத் தொடங்கியதும் லேசாக ஆட்டினால் தானாகக் கழன்றுவிடும். கழலாவிட்டால் கம்பியால் ஓரத்தில் ஒரு தட்டு. அச்சு எப்போதும் எண்ணெயிலேயே கிடக்கட்டும். ஒவ்வொரு முறையும் மாவை அடிவரை கலக்கிவிடுங்கள், ஏனென்றால் அரிசி மாவு கீழே தங்கிவிடும். நுரை அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்று இருந்தாலும் ஆறும்போது மொறுமொறுப்பாகிவிடும்.

எல்லாவற்றிலும் மலிவானது எது?

கலகலா. சில ஊர்களில் டைமண்ட் பிஸ்கட் என்கிறார்கள். அரைக் கிலோ மைதா, 200 கிராம் பொடித்த சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி நெய், உப்பு, பிசைவதற்குத் தேங்காய்ப்பால். விருப்பமிருந்தால் ஒரு முட்டை. சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து, அரை மணி நேரம் வைத்து, சற்றுக் கனமாகத் தேய்த்து, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டி, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். முக்கால் கிலோவுக்கு மேல் கிடைக்கும். பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் சுத்தமான புதுச் சீப்பையோ முள்கரண்டியையோ கொடுத்து, சிறு உருண்டைகளை அதன் மேல் அழுத்திச் சுருட்டச் சொல்லுங்கள். அது கல்கல். சென்னை ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இப்படிச் செய்வார்கள்.

எண்ணெய்ச் செலவை எப்படிக் குறைப்பது?

வரிசைதான் ரகசியம். புது எண்ணெயில் முதலில் அச்சு முறுக்கு. அதற்குத்தான் நிறம் முக்கியம். அடுத்து கலகலா, வெட்டிய துண்டுகளில் ஒட்டியிருக்கும் உலர் மாவை உதறிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் அடியில் கருகும். கடைசியாக முந்திரிக்கொத்து, பாகு கசிந்தாலும் அதற்குப் பின் வேறெதற்கும் அந்த எண்ணெய் தேவைப்படாது. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை எண்ணெய் மாற்ற வேண்டிவரும்.

அகலச் சட்டியைவிடக் குழிவான சிறு இரும்புச் சட்டியில் குறைந்த எண்ணெயே ஆழமாக நிற்கும். மிஞ்சியதை வடிகட்டி வைத்து, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்துப் புகையும் எண்ணெயைப் புது எண்ணெயோடு கலக்க வேண்டாம். அது சிக்கனம் அல்ல, வயிற்றுக்குக் கேடு.

தேங்காய் விலை ஏறிக் கிடக்கிறது. குறைத்துச் செய்யலாமா?

குறைப்பதைவிட முழுதாகப் பயன்படுத்துவது நல்லது. முறுக்குக்கு உடைத்த தேங்காயின் முதல் பால் முறுக்கு மாவுக்கு. இரண்டாம் பால் கலகலா பிசைய. பிழிந்த சக்கையைக் கொட்டிவிட வேண்டாம். வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து இடித்தால் இட்லிக்கும் சோற்றுக்கும் ஆகும் தேங்காய்ப் பொடி. ஒரு சிறு பாட்டிலில் போட்டால் அதுவே ஒரு பரிசு.

அடுப்பில் கேக் செய்ய முடியுமா? மது ஊற்றாவிட்டால் பிளம் கேக் ஆகுமா?

இரண்டும் முடியும். பழங்களை மதுவில் ஊற வைப்பது ஒரு வழக்கம், சட்டம் அல்ல. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவது 1883இல் கேரளத்துத் தலைச்சேரியில் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு சுட்டது. பிரெஞ்சு பிராந்தி ஊற்றச் சொன்ன இடத்தில், அவர் முந்திரிப்பழமும் கதளிப்பழமும் சேர்த்து வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் சமாளித்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. கையில் இருப்பதைக் கொண்டு செய்வது அன்றே தொடங்கிவிட்டது. நாம் கறுப்புத் திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊற வைக்கலாம். ஆனால் சாறு மதுவைப்போலக் காக்காது. ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறினால் போதும், வாரக் கணக்கில் வைக்கக் கூடாது.

ஆறேழு அங்குலத் தட்டுக்கு அளவு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, வெண்ணெய் அல்லது மணமில்லாத எண்ணெய் 120 கிராம், சர்க்கரை 120 கிராம், முட்டை மூன்று, ஊறிய பழங்கள் 150 கிராம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு பொடித்தது அரைத் தேக்கரண்டி. கரும்பழுப்பு நிறத்துக்கு வண்ணப் பொடி தேவையில்லை. 60 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் அடிகனத்த பாத்திரத்தில் கரும்பழுப்பாக உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, கால் கோப்பை வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. ஆறிய இந்தப் பாகுதான் நிறமும் மணமும். பழங்களில் ஒரு கரண்டி மைதாவைத் தூவிப் புரட்டிச் சேர்த்தால் அடியில் தங்காது.

அடுப்புக்கு, குக்கரைவிடக் கனத்த பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை ஒதுக்குவது நல்லது. தண்ணீர் இல்லாமல் அடிக்கடி காய்ந்தால் குக்கர் கெடும். அடியில் மணலோ கல்லுப்போ ஒரு விரல் உயரம் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிடம் மூடிக் காய வைத்து, பிறகு கேக் தட்டை இறக்குங்கள். சிறு தீயில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

கேக்குக்குப் போடும் பழங்களே விலை அதிகமாக இருக்கின்றனவே?

டூட்டி புரூட்டி என்று விற்பது பப்பாளிக்காய்தான். கொல்லையில் ஒரு பப்பாளி நின்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை. நன்றாகப் பச்சையாக இருக்கும் காயைத் தோலும் விதையும் நீக்கி, அரைக் கிலோ அளவுக்குச் சுண்டல் கடலை அளவில் நறுக்குங்கள். ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு வடித்து, 300 கிராம் சர்க்கரையும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரும் சேர்த்து, துண்டுகள் கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்ச வேண்டும். மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் சிட்டிகை மஞ்சள், ஒன்றை அப்படியே விட்டு, ஒரு நாள் ஊறிய பின் வடித்துத் தட்டில் உலர்த்துங்கள். மிஞ்சிய பாகைக் கேக்கின் மேல் தடவலாம்.

ஆரஞ்சு மலிவாகக் கிடைக்கும் காலமும் இதுவே. தோலை மெல்லிசாக நறுக்கி, மூன்று முறை புதுத் தண்ணீரில் கொதிக்க விட்டு வடித்தால் கசப்பு போகும். பிறகு அதன் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினால் கேக்குக்கு அருமையான மணம். உலர் திராட்சையும் பேரீச்சையும் கொஞ்சம் வாங்கினால் போதும். செர்ரியை மறந்துவிடலாம்.

சைவம் சாப்பிடும் பக்கத்து வீட்டாருக்கு எப்படிக் கொடுப்பது?

முட்டை சேர்க்காத மாவை முதலில் கரைத்து, புது எண்ணெயில் முதலில் பொரித்து, தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். அச்சு முறுக்கில் முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்த்தால் பிடிமானம் வந்துவிடும். கொடுக்கும்போது "இதில் முட்டை இல்லை, எண்ணெயும் தனி" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்கத் தயங்கி, வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் சங்கடம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் பலர். விரத நாளில் வெளிவீட்டுச் சமையலைத் தவிர்ப்பார்கள். அந்த வீட்டுக்குப் பழத்தட்டு அனுப்பலாம். அல்லது மலைக்குப் போய் வந்த பிறகு பலகாரம் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்குள் என்றால் முந்திரிக்கொத்து தாங்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியில் செய்து கொடுக்கலாமா?

கூடாது. கருப்பட்டியும் வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். "கருப்பட்டிதானே" என்று வற்புறுத்துவது அன்பாகாது. காரப் பண்டங்களிலும் மாவு உண்டு என்பதால் அவையும் அளவோடுதான். பெரியவர்களுக்கு ஊறுகாய், பொடி என்று கொடுப்பதிலும் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் அவர்களுக்குச் செடியோ துணிப்பையோ கொடுப்பதையே விரும்புகிறேன்.

பலகாரம் தவிர வேறு என்ன பரிசு கையால் செய்யலாம்?

எனக்கு மிகவும் பிடித்தது பிரியாணி மசாலா. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பெரும்பாலான வீடுகளில் கறி வேகும். 23ஆம் தேதி ஒரு சிறு பாட்டில் மசாலா கையில் கிடைத்தால், 25ஆம் தேதி அது அடுப்பிலேயே பயனாகிவிடும். அலமாரியில் தூசி படியாது. பட்டை 10 கிராம், கிராம்பு 5 கிராம், ஏலக்காய் 5 கிராம், சோம்பு ஒரு மேசைக்கரண்டி, அன்னாசிப்பூ இரண்டு, ஜாதிபத்திரி ஒரு இதழ். வெறும் சட்டியில் சூடேறும் அளவுக்கு மட்டும் புரட்டி, ஆறியதும் பொடித்துச் சலித்துவிடுங்கள். இரண்டு கிலோ பிரியாணிக்குத் தாராளமாக வரும். "ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி" என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கற்பூரவல்லிக் கிளை ஒன்றை ஒடித்து நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். பழைய டின்னில் அடியில் துளை போட்டு, நவம்பர் கடைசியில் நட்டால் கிறிஸ்துமஸுக்குத் தளிர்த்து நிற்கும். மழைக்காலத்தில் சளி பிடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைவிட உகந்த பரிசு இல்லை.

எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் புது மெழுகுவர்த்தி வார்க்கலாம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். எவர்சில்வர் டம்ளரிலோ கனத்த கண்ணாடியிலோ பருத்தித் திரியை நடுவில் நிறுத்தி வாருங்கள்.

பிள்ளைகளை எதில் சேர்த்துக்கொள்வது?

வாழ்த்து அட்டையில். வீட்டில் குவிந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள்: கெட்டி அட்டை, பொன்னிற ஓரம், சில நேரம் நல்ல உறையும்கூட. எழுத்தில்லாத பக்கத்தை வெட்டி, பிள்ளைகள் கையால் ஒரு நட்சத்திரமோ மாட்டுத்தொழுவமோ வரையட்டும். பெயர் எழுதி, இரண்டு வரி உண்மையாக எழுதட்டும். மூங்கில் குச்சியும் வண்ணத் தாளும் கொண்டு வாசல் நட்சத்திரம் கட்டவும் சொல்லித் தரலாம். உள்ளே எல்இடி விளக்கு மட்டுமே போட வேண்டும். பழைய குண்டு பல்பின் சூடு தாளுக்கு ஆபத்து.

எதில் வைத்துக் கொடுப்பது?

பனை ஓலைப் பெட்டி கிடைக்கும் ஊர் என்றால் வேறு யோசனையே வேண்டாம். விலை குறைவு, முடைபவர் கைக்கு நேரடியாகப் பணம் போகிறது, பலகாரம் தீர்ந்த பின்னும் அந்த வீட்டில் பூண்டு வைக்கவோ வளையல் வைக்கவோ பயன்படும். ஓலை கிடைக்காத ஊரில் துணிப்பை. கிழிந்த பட்டுச் சேலையின் முந்தியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்குப்பை தைத்தால் பார்ப்பவர் கண் அதன் மேல்தான் நிற்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்துவிட்டது. பண்டிகை என்பதற்காக நெகிழி உறைக்குத் திரும்ப வேண்டாம்.

பழைய செய்தித்தாளில் மட்டும் பலகாரத்தைச் சுற்றாதீர்கள். எண்ணெயில் மை கரைந்து பண்டத்தில் ஏறும். வெண்ணெய்த் தாளோ வாட்டிய வாழையிலையோ வைக்கலாம். இலை என்றால் அன்றே சாப்பிடும் பண்டத்துக்கு மட்டும்.

செய்த தேதியையும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அச்சு முறுக்குக்கும் கலகலாவுக்கும் காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள். பழக் கேக் வெளியில் நான்கைந்து நாள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பினால் நொறுங்காமல் போகுமா?

அச்சு முறுக்கு போகாது. முந்திரிக்கொத்தும் கலகலாவும் போகும். டின் டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் பொரியை நிரப்பிவிடுங்கள். விலை குறைவு, அதிர்வைத் தாங்கும், அதையும் சாப்பிடலாம். பண்டம் முழுதாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து நமத்துவிடும்.

கேரல் குழு இரவில் வரும்போது முப்பது பேருக்கு என்ன கொடுப்பது?

சுக்குக் காபியும் ஒரு கை கலகலாவும். தொண்டை கட்டப் பாடிக்கொண்டு வருபவர்களுக்குக் குளிர்பானத்தைவிட அதுதான் இதம். சுக்கு, மிளகு, மல்லி இடித்துக் கருப்பட்டி போட்டுப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க விட்டால் முப்பது பேர் என்ன, நாற்பது பேர் வந்தாலும் சமாளிக்கலாம். வீட்டு டம்ளர்களிலேயே கொடுங்கள்.

கொஞ்சமாகக் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா?

நான்கு முந்திரிக்கொத்து, ஆறு அச்சு முறுக்கு, ஒரு வாழைப்பழம். இது ஒரு வீட்டுக்கு நிறைவான தட்டு. தீபாவளிக்கு அவர்கள் தந்த அதிரசமும் ரம்ஜானுக்கு அந்த வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியும் எடை போட்டா வந்தன? தட்டைத் துணியால் மூடி, வீட்டில் உள்ளவர் யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தட்டு திரும்பி வரும்போது கொஞ்சம் சர்க்கரையோ பூவோ வைத்துத்தான் தருவார்கள், வெறுந்தட்டாகத் தருவதில்லை. அதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கொடுக்க வேண்டியது அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டுக்கு. அங்கே அடுப்பில் பலகாரம் ஏறாது, நம் வீட்டுப் பண்டம்தான் அவர்கள் பிள்ளைகளுக்குப் பண்டிகை.

24ஆம் தேதி மாலை ஆகிவிட்டது. இன்னும் எதுவுமே செய்யவில்லை. இனி என்ன செய்யலாம்?

ரவா லட்டு. இரண்டு கோப்பை ரவையை நெய்யில் வறுத்து, ஒன்றரைக் கோப்பை பொடித்த சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் உலர் திராட்சை சேர்த்து, சூடான பால் தெளித்துப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பால் சேர்வதால் இரண்டு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதுவும் முடியாத அசதி என்றால் நள்ளிரவு ஆராதனைக்குப் போய்விட்டு வந்து தூங்குங்கள். புத்தாண்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. முந்திரிக்கொத்தை அதற்குள் நிதானமாகச் செய்து கொடுக்கலாம்.